ஃபெடரல் வழக்கில் சிக்கினால்: எந்த வக்கீல், எந்த வழி?

2009 அக்டோபர் 16 அன்று காலை ராஜ் ராஜரத்தினத்தை எஃப்பிஐ நியூயார்க்கில் கைது செய்தது. கொழும்பில் பிறந்த தமிழர், கேலியன் என்ற ஹெட்ஜ் ஃபண்டின் (பெரும் பணக்காரர்களின் பணத்தை முதலீடு செய்யும் நிறுவனம்) முதலாளி. கம்பெனிகளின் உள்தகவலை முன்கூட்டியே பெற்றுப் பங்கு வாங்கி விற்றார் என்பது குற்றச்சாட்டு. அன்றே பிடிபட்டவர்களில் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தில் இருந்த அனில் குமார், இன்டெலில் இருந்த ராஜீவ் கோயல், இன்னொரு ஃபண்டில் வேலை பார்த்த டேனியல் கியேசி ஆகியோரும் உண்டு.

அவரவர் முடிவு எப்படி வந்தது என்று பாருங்கள். ராஜரத்தினம் ஜூரி முன் வழக்காடினார். 2011 மே மாதம் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 11 ஆண்டு சிறை, ஒரு கோடி டாலர் அபராதம், அதற்கு மேல் 5.38 கோடி டாலர் பறிமுதல். குமாரும் கோயலும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அவருக்கு எதிராகவே கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார்கள். ஆளுக்கு இரண்டு ஆண்டு புரொபேஷன் (வெளியே இருந்தபடி கோர்ட்டின் கண்காணிப்பு), சிறை இல்லை. கியேசி ஒப்புக்கொண்டார், ஆனால் அப்ரூவர் ஆகவில்லை. அவருக்கு 30 மாதம். ராஜரத்தினத்தின் தம்பி ரெங்கன் மீது 2013இல் தனி வழக்கு வந்தது. அவரும் ஜூரி முன் போனார். 2014 ஜூலையில் விடுதலை.

இவர்களில் யாரும் வக்கீல் வைக்கப் பணமில்லாமல் திண்டாடியவர்கள் இல்லை. அமெரிக்காவில் நம்மவர் ஒருவருக்கு ஃபெடரல் வழக்கு (மாநில அரசு அல்லாமல் மத்திய அரசு போடும் வழக்கு) வந்தால் முதலில் எழும் கேள்வி "நல்ல வக்கீல் யாரு, எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அந்தக் கேள்வியால் மட்டும் மேலே சொன்ன வித்தியாசத்தை விளக்க முடியாது. எந்த வழியில் போனார்கள், எப்போது முடிவெடுத்தார்கள், எதிரே என்ன ஆதாரம் இருந்தது என்பதும் சேர்ந்தே தலைவிதியைத் தீர்மானித்தது. அதனால் வக்கீல்களையும் ஒப்பிடுகிறேன், வழிகளையும் ஒப்பிடுகிறேன். என் எடை வழிகள் பக்கம்தான். (இது பொது விளக்கம். உங்கள் வழக்குக்கான ஆலோசனை உங்கள் வக்கீலிடம்தான்.)

வக்கீலுக்கு முன்னால் வருகிற முடிவு

நம் ஊரில் போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு அது. இப்போதைய புதிய சட்டத்திலும் தொடர்கிறது. போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலமும் செல்லாது என்று 2020இல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலங்கையிலும், பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளை ஒதுக்கிவிட்டால், விதி இதேதான். இந்தப் பழக்கத்தோடு வளர்ந்தவர்கள், அமெரிக்காவில் வாசலில் இரண்டு எஃப்பிஐ ஏஜென்ட்கள் வந்து மரியாதையாகப் பேசினால், "ஒளிக்க என்ன இருக்கிறது" என்று உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்துப் பேசிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் நீங்கள் ஏஜென்டிடம் சொன்னது ஜூரி முன் சாட்சியமாக வரும். எஃப்பிஐ ஏஜென்ட் அதை 302 என்ற படிவத்தில் தன் வார்த்தையில் எழுதி வைப்பார். நீங்கள் சொன்ன முக்கியமான விஷயம் ஒன்று தெரிந்தே சொன்ன பொய் என்று நிரூபித்தால், அதுவே தனிக் குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறை. அசல் மோசடியை நிரூபிக்க முடியாமல் போய், சமையலறையில் உட்கார்ந்து சொன்ன பொய்க்காக மட்டும் தண்டனை வாங்கியவர்கள் உண்டு. "என் வக்கீலோடு பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்வது குற்ற உணர்ச்சிக்கு அடையாளம் என்று ஏஜென்ட்கள் நினைக்கமாட்டார்கள். அவர்களும் தங்களுக்கு விசாரணை வந்தால் அதையேதான் சொல்வார்கள்.

ஐடி கம்பெனி, மருத்துவ பில்லிங், கன்சல்டன்சி போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. கம்பெனி வக்கீல் உங்களைக் கூப்பிட்டு, "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்பார். அவர் உங்கள் வக்கீல் இல்லை. 1981இல் அப்ஜான் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாதுகாத்த ரகசியம் கம்பெனியுடைய ரகசியம். கம்பெனி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தால், நீங்கள் சொன்னதை அப்படியே அரசிடம் கொடுத்துவிடலாம். பேச்சின் தொடக்கத்திலேயே இதை அவர் சொல்லவும் சொல்வார். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மூன்று வகை வக்கீல்

ஃபெடரல் கோர்ட் என்பது மாநில கோர்ட்டிலிருந்து வேறான உலகம். தனி நீதிபதிகள், தனி நடைமுறை, தனித் தண்டனைக் கணக்கு. அங்கே உங்களுக்காக நிற்கக்கூடியவர்கள் மூன்று வகை.

முதலாவது ஃபெடரல் பப்ளிக் டிஃபென்டர். 1963இல் உச்ச நீதிமன்றத்தின் கிடியன் தீர்ப்பு ஏழைக்கும் வக்கீல் உண்டு என்றது. 1964இல் வந்த குற்றவியல் நீதிச் சட்டம் ஃபெடரல் கோர்ட்டில் அதற்குப் பணம் ஒதுக்கியது. இவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்யும் முழுநேர வக்கீல்கள். "இலவச வக்கீல்" என்றதும் நம் மனதில் ஒரு படம் வருகிறது: ஃபைலைக் கூடப் புரட்டாமல் வாய்தா வாங்குகிறவர். அமெரிக்காவின் சில மாநில, கவுன்டி டிஃபென்டர்கள் தாங்க முடியாத வழக்குச் சுமையில் அமுங்கிக் கிடப்பது உண்மை. ஃபெடரல் அலுவலகங்கள் பொதுவாக அந்த வகை அல்ல. அங்கே சொந்தப் புலனாய்வாளர்கள் இருப்பார்கள். தினமும் அதே நீதிபதிகள் முன், அதே அரசு வக்கீல்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அவர்கள். எந்த நீதிபதி போதைப்பொருள் வழக்கில் இளகுவார், எவர் மோசடி என்றால் முகம் இறுகுவார் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

இரண்டாவது பேனல் வக்கீல். ஒரே வழக்கில் பத்துப் பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றால் டிஃபென்டர் அலுவலகம் ஒருவரைத்தான் எடுக்க முடியும், மற்றவர்களின் நலன் மோதும். மற்றவர்களுக்கு நீதிமன்றம் தன் பட்டியலிலிருந்து தனியார் வக்கீலை நியமித்து மணிக்கணக்கில் பணம் கொடுக்கும். 2025இல் மணிக்கு 175 டாலர். அந்த ஆண்டு ஜூலையில் அந்த நிதி தீர்ந்துபோய், அடுத்த நிதியாண்டு வரை இவர்களுக்குப் பணம் நின்றுபோனது. அப்படியும் வழக்கைக் கைவிடாமல் ஓடியவர்கள் பலர். ஆனால் தரம் ஆளுக்கு ஆள் மாறும். சிலர் முன்னாள் டிஃபென்டர்கள், அபாரமானவர்கள். சிலருக்கு இது பத்தோடு பதினொன்று. 2007இல் ராதா ஐயங்கார் என்ற பொருளாதார ஆய்வாளர் இரண்டு வகையையும் ஒப்பிட்டபோது, சம்பள டிஃபென்டர்களின் கட்சிக்காரர்களைவிடப் பேனல் வக்கீல்களின் கட்சிக்காரர்களுக்குச் சராசரியாகச் சுமார் 8 மாதம் கூடுதல் தண்டனை கிடைத்ததைக் கண்டார். இதில் தேர்வு உங்கள் கையில் இல்லை என்பதுதான் சங்கடம். யார் கிடைக்கிறாரோ அவர்தான்.

மூன்றாவது நீங்களே பணம் கொடுத்து அமர்த்துகிறவர். ஃபெடரல் வழக்கை ஒப்புதல் வரை கொண்டுபோகவே பல்லாயிரம் டாலர் ஆகும். மோசடி வழக்கு ஜூரி வரை போனால் பீஸ் லட்சங்களில்தான். பணம் வாங்கித் தரும் நன்மை உண்மையானது. நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். குற்றச்சாட்டு வருவதற்கு முன்பே, மாதக்கணக்கில் முன்பே, அவரை உள்ளே இறக்கலாம். லட்சக்கணக்கான பக்க ஆவணங்களுக்குக் கணக்காய்வாளர்களைப் பூட்டலாம். மோசடி வழக்கில் இது பெரிய பலம், ஏனென்றால் அங்கே சண்டை பெரும்பாலும் எண்களைப் பற்றியது. அரசு தூண்டித் துருவிக்கொண்டிருக்கும்போதே வழக்கைத் தொடராமல் செய்வதுதான் ஒரு ஃபெடரல் வக்கீல் பெறக்கூடிய ஆகப்பெரிய வெற்றி. அது செய்தித்தாளில் வராது.

ஆனால் பணம் கொடுத்தே தவறான ஆளைப் பிடிப்பதும் சுலபம். சங்கத்தில் தெரிந்தவர், வீட்டுப் பத்திரம் பார்த்துக் கொடுத்தவர், மாநில கோர்ட்டில் குடிபோதை வண்டி வழக்குகளை முடித்துக்கொடுப்பவர் என்று பலரும் "நான் பார்த்துக்கிறேன்" என்பார்கள். அந்த மாவட்ட ஃபெடரல் கோர்ட்டில் கடந்த சில ஆண்டுகளில் எத்தனை வழக்கு நடத்தினீர்கள், அவற்றில் எத்தனை ஜூரி வரை போயின என்று நேராகக் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்துவிடுங்கள். முடிவுக்கு உத்தரவாதம் தருகிறவரிடமும் அப்படியே. தமிழ் பேசும் வக்கீல்தான் வேண்டும் என்று தேடி இங்கே கோட்டை விடுவதும் நடக்கிறது. விசாரணையின்போது ஃபெடரல் கோர்ட் மொழிபெயர்ப்பாளரைத் தன் செலவில் தரும். மொழிக்காக வக்கீலின் அனுபவத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. (சிறையிலிருந்து தமிழில் போனில் பேசினால் யாருக்கும் புரியாது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த அழைப்புகள் பதிவாகின்றன. அரசிடமும் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள்.)

டிஃபென்டர் ஏழைபாழைகளுக்கு மட்டும் என்ற எண்ணமும் தவறு. அந்த வழக்குக்குத் தேவையான வக்கீலை அமர்த்த உங்களால் முடியுமா என்பதுதான் அளவுகோல். சிக்கலான ஃபெடரல் வழக்கின் செலவோடு ஒப்பிட்டால் மாதச் சம்பளக்காரர்கள் பலர் அதற்குள் வரலாம். நிதி நிலவரப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அதில் பொய் எழுதினால் இன்னொரு வழக்கு. குடியுரிமை தேவையில்லை, கிரீன் கார்டும் தேவையில்லை, விசாவே இல்லாதவருக்கும் குற்ற வழக்கில் இந்த உரிமை உண்டு. குடியேற்ற நீதிமன்றத்தில்தான் அரசுச் செலவில் வக்கீல் கிடையாது.

என் கருத்து இது. போதைப்பொருள் வழக்கு, ஏற்கெனவே கைது, கையிருப்பு ஐம்பதாயிரம் டாலருக்குக் கீழே என்றால், ஊரில் நிலத்தை விற்று அரைகுறை அனுபவமுள்ள தனியாரைப் பிடிப்பதைவிட டிஃபென்டரிடம் போவது மேல். மோசடி விசாரணை, இன்னும் குற்றச்சாட்டு வரவில்லை, பணம் இருக்கிறது என்றால் தனியார், அதுவும் இன்றைக்கே. குற்றச்சாட்டு வரும்வரை பொறுத்திருந்து பிறகு பெரிய வக்கீலை வைப்பது, பாதிப் பணத்தை வீணாக்குவதுதான்.

பணம் பற்றி இரண்டு விஷயம். மோசடிப் பணம் என்று அரசு சொல்வதை முடக்கலாம். ஆனால் குற்றத்தோடு சம்பந்தமில்லாத உங்கள் சொந்தப் பணத்தை, வக்கீல் பீஸுக்குத் தேவைப்படும் அளவு, முடக்க முடியாது என்று 2016இல் லூயிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்னொன்று, பத்தாயிரம் டாலருக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வக்கீல் அதை வருமான வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். போதைப்பொருள் வழக்கில் நண்பர்கள் பையில் ரொக்கம் கொண்டுவந்து கொடுத்தால், அந்த நண்பர்களைப் பற்றிய கேள்வி அங்கேயே தொடங்கும்.

வழக்காடுவதா, ஒப்புக்கொள்வதா, அப்ரூவர் ஆவதா

2022 நிதியாண்டில் ஃபெடரல் கோர்ட்டுகளில் வழக்கு முடிந்தவர்கள் 71,954 பேர். அவர்களில் 89.5 சதவீதம் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 8.2 சதவீதம் பேரின் வழக்கு தள்ளுபடி ஆனது. ஜூரி அல்லது நீதிபதி முன் வழக்காடித் தோற்றவர்கள் 1,379 பேர். வழக்காடி விடுதலை பெற்றவர்கள் 290 பேர்.

இந்த எண்ணைக் காட்டி "பேசாமல் ஒப்புக்கொள்" என்று சொல்லும் வக்கீல்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. அரசு பலமான வழக்கைத்தான் எடுக்கிறது என்பதும், வழக்காடித் தோற்றால் தண்டனை கூடும் என்ற பயமும் சேர்ந்து உருவாக்கிய எண் அது. உங்கள் வழக்கு பலவீனமானதா என்பதை அது சொல்லாது. ராஜரத்தினம் வழக்கில் ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பதிவுகளை ஜூரி அவர் குரலிலேயே கேட்டது. அவற்றைச் சாட்சியத்திலிருந்து நீக்கச் சொல்லி அவர் தரப்பு போராடித் தோற்றது. அந்தத் தோல்விக்குப் பிறகு வழக்காடியது பெரிய சூதாட்டம். ரெங்கன் வழக்கிலோ ஜூரி விசாரணை தொடங்குவதற்கு முன்பே அரசு சில குற்றச்சாட்டுகளை விட்டது. நடுவில் நீதிபதியே இரண்டைத் தள்ளினார். மிஞ்சிய ஒரே கூட்டுச்சதிக் குற்றச்சாட்டில் ஜூரி விடுவித்தது. ஒரே குடும்பம், ஒரே வகைக் குற்றம், ஆதாரம் மட்டும் வேறு. வழக்காடலாமா என்று கேட்டால், முதலில் அரசு கையில் இருப்பதைக் காட்டுங்கள் என்பதுதான் நேர்மையான வக்கீலின் பதில். விடுதலையானாலும் வக்கீல் பீஸ் திரும்பி வராது என்பதையும் மனதில் வையுங்கள். அரசு கெட்ட எண்ணத்தோடோ, தொல்லை கொடுக்கவோ, அடிப்படையே இல்லாமலோ வழக்குப் போட்டது என்று நிரூபித்தால்தான் அதற்கும் வழி.

ஒப்புக்கொள்வதன் மதிப்பு போதைப்பொருளிலும் மோசடியிலும் ஒன்றல்ல. நம்மவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

மோசடியில் தண்டனை ஒரு புள்ளிக் கணக்கு. வயர் மோசடிக்கு (போன், இணையம் போன்றவை வழியாகச் செய்யும் மோசடி) தொடக்கப் புள்ளி 7. நஷ்டத் தொகை கூடக்கூடப் புள்ளி ஏறும். 2015இல் திருத்திய அட்டவணைப்படி ஐந்தரை லட்சம் டாலரைத் தாண்டினால் 14 கூடும். ஆறு லட்சம் டாலர் வழக்கு என்று வைத்துக்கொள்வோம்: 21 புள்ளி. முன்குற்றம் எதுவும் இல்லாதவருக்கு, சில நிபந்தனைகளோடு, 2023 நவம்பர் முதல் 2 புள்ளி குறையும். 19 புள்ளிக்கு வழிகாட்டித் தண்டனை 30 முதல் 37 மாதம். காலத்தோடு ஒப்புக்கொண்டால் இன்னும் 3 குறைந்து 16, அதாவது 21 முதல் 27 மாதம். ஆக, வெறுமனே ஒப்புக்கொள்வது இங்கே வாங்கித் தருவது ஒன்பது பத்து மாதம். ஆனால் நஷ்டத் தொகை ஆறு லட்சமா இரண்டு லட்சமா என்ற வாதத்தில் ஜெயித்தால் 4 புள்ளி போகும். அதிலும் நடந்த நஷ்டம், உத்தேசித்த நஷ்டம் இரண்டில் பெரியதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதனால்தான் மோசடி வழக்கில் நல்ல கணக்காய்வாளர் பாதி வக்கீல் என்கிறேன். 2005இல் உச்ச நீதிமன்றத்தின் புக்கர் தீர்ப்புக்குப் பிறகு இந்தக் கணக்கு நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. வாழ்க்கை, குடும்பம், செய்த நன்மை எல்லாவற்றையும் பார்த்துக் கீழே இறங்கலாம், இறங்கவும் செய்கிறார்கள்.

போதைப்பொருளில் நீதிபதியின் கையைச் சட்டமே கட்டிவைத்திருக்கிறது. விற்கும் நோக்கத்தோடு 500 கிராம் கோகெய்ன், 100 கிராம் ஹெராயின், ஃபென்டனில் (மிகவும் வீரியமான செயற்கை வலிநிவாரணி) கலவை 40 கிராம், இவற்றில் எதுவானாலும் குறைந்தபட்சம் 5 ஆண்டு. ஐந்து கிலோ, ஒரு கிலோ, 400 கிராம் என்றால் குறைந்தபட்சம் 10 ஆண்டு. கலவையின் மொத்த எடைதான் கணக்கு. ஒரு போலி ஃபென்டனில் மாத்திரை சுமார் 0.1 கிராம் இருக்கும், ஆக நானூறு மாத்திரைக்குள்ளேயே 5 ஆண்டு வந்துவிடும். கூட்டுச்சதி என்று போட்டால், நீங்கள் தொடாத, ஆனால் இந்தக் கும்பல் கையாளும் என்று உங்களால் ஊகித்திருக்கக்கூடிய சரக்கும் உங்கள் தலையில் விழலாம். ஜாமீனிலும் வித்தியாசம் உண்டு. பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய போதைப்பொருள் வழக்கில் உள்ளே வைப்பதுதான் சரி என்ற அனுமானத்தோடுதான் கோர்ட் தொடங்கும். உடைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. 1987 நவம்பருக்குப் பிந்திய குற்றங்களுக்கு பரோலும் கிடையாது. நன்னடத்தைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 54 நாள், வேறு சில சலுகைகள், அவ்வளவுதான்.

அதனால் போதைப்பொருள் வழக்கில் வெறுமனே "ஒப்புக்கொண்டேன்" என்பதற்கு விலை குறைவு. பத்து ஆண்டுக் குறைந்தபட்சத்தின் கீழ் ஒப்புக்கொண்டாலும் பத்து ஆண்டுதான். மூன்று கதவுகள் உண்டு. ஒன்று, அரசு வக்கீல் எடையைக் குறிப்பிடாத குற்றச்சாட்டுக்கு இறங்கி வருவது. அது முழுக்கப் பேரம். இரண்டு, சேஃப்டி வால்வ் என்று இங்கே சொல்லும் விலக்கு: முன்குற்றம் குறைவு, வன்முறையோ துப்பாக்கியோ இல்லை, யாருக்கும் உயிர்ச்சேதமோ பெருங்காயமோ இல்லை, தலைவனாக இல்லை, தன் குற்றத்தைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் உண்மையாக அரசிடம் சொன்னால், நீதிபதி குறைந்தபட்சத்துக்குக் கீழே போகலாம். 2018இன் ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டம் இந்தக் கதவை அகலமாக்கியது. முன்குற்ற நிபந்தனையை 2024இல் புல்சிஃபர் தீர்ப்பு மறுபடி இறுக்கியது. குடியுரிமை இல்லாதவருக்கும் இது உண்டு. கடத்தலில் வண்டி ஓட்டியவர், பார்சலை வாங்கி வைத்தவர் போன்ற சின்ன ஆட்களுக்கு இதைவிட நல்ல கதவு இல்லை. கூண்டில் ஏறி யாருக்கும் எதிராகச் சாட்சி சொல்ல வேண்டிய கட்டாயமும் இதில் கிடையாது.

மூன்றாவது அப்ரூவர். குமார், கோயல் போன வழி. அரசு தன் வாயால் "இவர் உதவினார்" என்று மனுப் போட்டால் நீதிபதி எவ்வளவும் குறைக்கலாம். மனுப் போடாவிட்டால் அந்தக் கதவு மூடியே இருக்கும். முதலில் வந்தவருக்கு விலை அதிகம், ஆறாவதாக வந்தவருக்குச் சொல்லப் புதிதாக எதுவும் இருக்காது. அதனால்தான் தொடக்கத்தில் "எப்போது" என்றேன். கேலியன் வழக்கிலேயே ரூமி கான் என்பவரும் அரசுக்கு உதவினார், ஆனால் அவருக்கு ஓராண்டு சிறை கிடைத்தது. விசாரணைக்கு இடையூறு செய்த குற்றத்தையும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பாதி உண்மை சொல்லும் அப்ரூவருக்கு, எதுவுமே சொல்லாதவரைவிட மோசமான கதி வரலாம். போதைப்பொருள் வழக்கில் இன்னொரு விலையும் உண்டு. எதிராளியின் ஆட்களுக்கு உங்கள் குடும்பம் இருக்கும் ஊர் தெரிந்திருக்கலாம். அதை எந்தப் புள்ளி அட்டவணையும் கணக்கில் எடுக்காது.

வழக்காடும்போது கூண்டில் ஏறித் தன் கதையைச் சொல்லலாமா என்று கேட்பார்கள். சொல்லலாம், உரிமை உண்டு. பொய் சொன்னீர்கள் என்று நீதிபதி முடிவு செய்தால் 2 புள்ளி கூடும். அப்பீலில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம் ஊர் நம்பிக்கையும் இங்கே அவ்வளவாகச் செல்லாது. ராஜரத்தினத்தின் அப்பீல் தீர்ப்பு 2013இல்தான் வந்தது. அவர் 2011 டிசம்பரிலேயே உள்ளே போய்விட்டார்.

குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கணக்கே வேறு

எச்1பி வேலை விசா, கிரீன் கார்டு என்று இருப்பவர்களுக்கு மேலே சொன்ன எல்லா ஒப்பீட்டையும் ஒரு தடவை தலைகீழாகப் பார்க்க வேண்டும். பத்தாயிரம் டாலருக்கு மேல் நஷ்டம் உண்டாக்கிய மோசடி குடியேற்றச் சட்டத்தில் மிகக் கடுமையான வகைக் குற்றம். சிறை எத்தனை மாதம் என்பது இதில் பொருட்டே இல்லை. குமாருக்குக் கிடைத்ததுபோல் வெறும் புரொபேஷன் கிடைத்து வீட்டுக்கு வந்தவரையும், நஷ்டத் தொகை அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால், நாடு கடத்தலாம். 2009இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன நிஜவான் வழக்கு இதைத்தான் முடிவு செய்தது. இந்தியாவில் பிறந்த அவரது மோசடி வழக்கில் நஷ்டம் எவ்வளவு என்று ஜூரி தீர்மானிக்கவே இல்லை. ஆனால் தண்டனையின்போது அவரே ஒப்புக்கொண்ட தொகை பத்துக் கோடி டாலருக்கு மேல். அது போதும் என்றது நீதிமன்றம். ஆகவே குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத் தாளில் எந்தக் குற்றச்சாட்டுக்கு எவ்வளவு நஷ்டம் என்று எழுதுகிறார்கள் என்பதற்காக ஆறு மாதம் கூடுதல் சிறையை ஏற்றுக்கொள்வதும் சிலருக்குப் புத்திசாலித்தனம்.

போதைப்பொருளில் இன்னும் கடுமை. விற்பனை என்றால் அதே உச்ச வகை. வைத்திருந்ததே குற்றமாக முடிந்தாலும், சொந்த உபயோகத்துக்கான 30 கிராமுக்குள் கஞ்சா என்ற ஒரே விதிவிலக்கைத் தவிர, நாடு கடத்தலாம். கலிஃபோர்னியாவில் கடையில் வாங்கலாமே என்றால், ஃபெடரல் சட்டத்தில் கஞ்சா இன்னும் தடைசெய்யப்பட்டதுதான். குடியேற்ற அதிகாரி பார்ப்பது அந்தச் சட்டத்தை.

2010இல் படில்லா தீர்ப்பு, நாடு கடத்தல் அபாயத்தைக் கட்சிக்காரரிடம் சொல்வது குற்ற வழக்கு வக்கீலின் கடமை என்றது. மூன்று வகை வக்கீலுக்கும் இது பொருந்தும். ஆனால் குடியேற்றச் சட்டத்தின் இண்டு இடுக்கு எல்லாக் குற்ற வக்கீலுக்கும் தெரியாது. டிஃபென்டர் அலுவலகங்கள் சிலவற்றில் இதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். தனியாரை வைத்தால், குடியேற்ற வக்கீல் ஒருவரின் கருத்தை எழுத்தில் வாங்கித் தருவது பீஸில் சேர்ந்ததா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஜே லீ என்பவர் 13 வயதில் தென்கொரியாவிலிருந்து வந்து, மெம்ஃபிஸ் நகரில் உணவகங்கள் நடத்தியவர். குடியுரிமை வாங்கவில்லை. எக்ஸ்டசி என்ற போதை மாத்திரை வழக்கில், ஒப்புக்கொண்டால் நாடு கடத்தமாட்டார்கள் என்று அவர் பணம் கொடுத்து வைத்த வக்கீல் திரும்பத் திரும்பச் சொன்னார். அது தவறு. கிடைத்த தண்டனை ஓராண்டும் ஒரு நாளும், நாடு கடத்தல் கட்டாயம். வழக்காடியிருந்தாலும் தோற்றிருப்பார் என்றது அரசு. இங்கே இருப்பதற்காகத் தோற்கும் ஆபத்தையும் ஏற்று வழக்காடியிருப்பேன் என்றார் லீ. 2017இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நிற்பதற்குக் கைகொடுத்தது ஒப்புதல் நாளின் பதிவு. நாடு கடத்தப்படலாம் என்பது உங்கள் முடிவைப் பாதிக்கிறதா என்று நீதிபதி கேட்டபோது அவர் "ஆம்" என்றிருந்தார். எப்படி என்று கேட்டதும் புரியாமல் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். அது வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கைதான் என்று வக்கீல் சமாதானம் சொல்ல, மேலே போனார்கள். ஒப்புதல் நாளில் நீதிபதி இந்தக் கேள்வியைக் கேட்கும்போது உங்களுக்கும் புரியாமல் போனால், அந்த இடத்திலேயே நிறுத்தி, வேறு நாள் கேளுங்கள். நாலு வருஷம் அப்பீல் அலைவதைவிட நாலு நாள் தள்ளிப் போவது லேசு.